அழிக்கும் பட்டனைக் கடைசியாக அழுத்துங்கள்

கம்ப்யூட்டர் திடீரென்று ஒரு எரர் மெசேஜ் காட்டி நின்றுவிட்டால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? அந்த மெசேஜைப் படிப்பதில்லை. ஓகே பட்டனை அழுத்துகிறோம். ரீஸ்டார்ட் செய்கிறோம். மறுபடியும் இயங்கினால் பிரச்னை தீர்ந்தது என்று வேலையைத் தொடர்கிறோம். மறுநாள் சர்வீஸ் செய்ய வருபவர், "என்ன மெசேஜ் வந்தது சார்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறோம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். கோவையில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, இப்போது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஹோசே நகரில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் லாக் பைலைப் பார்க்காமல் யாராவது சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எனக்குக் கோபம் வரும். அதே தவறை என் காரில் நானே செய்தேன். அந்த அனுபவத்திலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் இல்லாத வாசகர்களும் படிக்கலாம். இது காரைப் பற்றியது மட்டும் அல்ல.

விட்டு விட்டு எரிந்த விளக்கு

2022-ல் ஒரு பழைய கார் வாங்கினேன். 2012 மாடல், பெட்ரோல் வண்டி. கலிபோர்னியாவில் இந்த வயதுள்ள கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 'ஸ்மாக் செக்' எனப்படும் புகைப் பரிசோதனை உண்டு. அதில் தேறினால்தான் வண்டியின் பதிவைப் புதுப்பிப்பார்கள். 2024 ஜனவரியில் எனக்கு அந்த நோட்டீஸ் வந்தது. ஒரு மாத அவகாசம் இருந்தது.

சரியாக அந்த வாரத்தில்தான் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிய ஆரம்பித்தது. இரண்டு நாள் எரியும். பிறகு தானாக அணைந்துவிடும். நான்கைந்து நாள் கழித்து மறுபடியும் எரியும். வண்டி ஓடுவதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ஸ்மாக் செக்கில் தேற முடியாது. என்னுடன் தங்கியிருந்த மதுரைக்கார அண்ணன் இந்த ஊரில் பத்து வருடம் கார் ஓட்டியவர். அவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். "தம்பி, இருபது டாலருக்கு ஒரு அடாப்டர் வாங்கு. போன்ல ஆப் போடு. டெஸ்டுக்குப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி கோடை அழிச்சிரு. லைட் அணைஞ்சிரும். காலைல போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்துரலாம்."

ரீஸ்டார்ட் செய்வது போலத்தானே? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வாங்கினேன். பொருத்தினேன். ஆப் திரையில் 'பி0171' என்று ஒரு எண் வந்தது. அதற்குக் கீழேயே பெரிய சிவப்பு பட்டன்: 'அழி'. அழுத்தினேன். விளக்கு அணைந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பரிசோதனை நிலையத்தில் வண்டி தேறவில்லை.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

ஏன் தேறவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, இந்த விளக்கின் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து விற்கப்படும் எல்லா பெட்ரோல் கார்களிலும் 'ஓபிடி-2' என்ற முறை கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் அதே சாக்கெட், அதே அடிப்படைக் கட்டளைகள். நம் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி போர்ட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், புகையைப் பாதிக்கக்கூடிய பாகங்களை ஓட்டத்தின்போதே சோதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பழுது தெரிந்தால் பெரும்பாலான பழுதுகளுக்கு உடனே விளக்கை எரியவிடாது. முதல் முறை, 'சந்தேகம்' என்று மட்டும் குறித்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் விளக்கு எரியும். பிறகு தொடர்ந்து மூன்று பயணங்களில் சோதனை நடந்து பழுது தெரியவில்லை என்றால் விளக்கைத் தானே அணைத்துவிடும். ஆனால் கோட் எண் நினைவகத்தில் இருக்கும். இன்ஜின் 40 முறை சூடாகி ஆறிய பின்புதான் அதுவும் நீங்கும்.

ஆகவே விட்டு விட்டு எரியும் விளக்கு ஏதோ மனம்போனபடி எரியவில்லை. இரண்டு முறை பார்த்து எரிகிறது. மூன்று முறை பார்த்து அணைகிறது. நமக்குத்தான் அது பேசும் மொழி தெரிவதில்லை. (விளக்கு மினுக் மினுக் என்று விட்டு விட்டு மின்னினால் அது வேறு விஷயம். இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரே கெட்டுப்போகும் நிலை என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள்.)

ஒரே பட்டனில் அழிந்தவை

நான் அழுத்திய பட்டன் மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் அழித்தது. முதலாவது, கோட் எண். இரண்டாவது, 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'. பழுது பதிவான அந்த நொடியில் இன்ஜினின் வேகம், வண்டியின் வேகம், இன்ஜினின் சூடு, பெட்ரோல் அளவு எல்லாம் எப்படி இருந்தன என்று எடுத்து வைத்த ஒரு படம் இது. ப்ளூ ஸ்கிரீன் வரும்போது விண்டோஸ் சேமித்து வைக்கும் டம்ப் பைல் போன்றது. விட்டு விட்டு வரும் பழுதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல தடயம் கிடையாது. அதைப் படிக்காமலேயே அழித்தேன்.

மூன்றாவது, 'ரெடினஸ்'. ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து முடித்தாகிவிட்டதா என்ற பட்டியல் இது. கோடை அழித்தால் எல்லாம் 'முடியவில்லை' என்று மாறிவிடும். கலிபோர்னியாவில் 2015 முதல், 2000 மாடலுக்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகைக்குழாயில் கருவி வைப்பதில்லை. அந்த 16 பின் சாக்கெட்டிலிருந்து டேட்டாவை எடுக்கிறார்கள். பாகங்களைக் கண்ணால் பார்க்கிறார்கள். பெட்ரோல் ஆவிக் கசிவைச் சோதிக்கும் 'எவாப்' ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்ற எதுவும் பாக்கி இருந்தால் தேறாது. வேறு பல மாநிலங்களிலும் இதே போன்ற விதி உண்டு. என் காரில் நான்கு சோதனைகள் பாக்கி இருந்தன.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் இதே கதைதான்.

இது நியாயமா?

விளக்கு அணைந்திருக்கிறது, வண்டி நன்றாக ஓடுகிறது, பிறகு ஏன் தேறாது என்கிறார்கள் என்று எனக்கும் அன்று எரிச்சல் வந்தது. நண்பர்கள் பலரும், "புகைக்குழாயில் கருவி வைத்துப் பார்த்திருந்தால் தேறியிருக்கும்" என்றார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தபோது அந்த விதி சரி என்றே எனக்குப் படுகிறது.

புகைக்குழாய்ச் சோதனை பார்ப்பது அந்தச் சில நிமிடங்களை மட்டுமே. நன்றாகச் சூடான இன்ஜினில், சமமான தரையில் பார்க்கிறது. என் காரின் பழுதோ குளிர்ந்த காலை நேரத்தில் மட்டும் வருவது. பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவி கசிந்தால் அது புகைக்குழாய் வழியாக வருவதே இல்லை. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்தான் எல்லா நாளும், எல்லா நேரமும் கூடவே இருக்கிறது. அதனிடம் கேட்பதுதான் முறை. நாம் அதன் நினைவை அழித்துவிட்டு, "இப்போது கேளுங்கள்" என்றால் அது என்ன சொல்லும்?

2015 செப்டம்பரில் வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் பற்றி வெளியான செய்தி பலருக்கு நினைவிருக்கும். பரிசோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் புகையைக் குறைக்கும்படி அந்தக் கார்களில் சாப்ட்வேர் எழுதியிருந்தார்கள். வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவியைக் காரிலேயே ஏற்றி சாலையில் ஓட்டி அளந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அதைப் படித்தபோது, "இப்படியும் சாப்ட்வேர் எழுதுவார்களா" என்று திட்டியவன் நான். டெஸ்டுக்கு முந்தின இரவு கோடை அழித்த நான் செய்ததும் அளவில் சிறியதே தவிர, வகையில் வேறல்ல.

இப்படி அழிப்பவர்கள் அதிகம் என்பதால்தான் 2010 மாடலை ஒட்டி 'நிரந்தர கோட்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை எந்த ஆப்பாலும் அழிக்க முடியாது. பழுது நீங்கிவிட்டது என்று கார் தானே சோதித்து உறுதி செய்தால்தான் அது நீங்கும். 2019 ஜூலையிலிருந்து கலிபோர்னியாவில் இதையும் பார்க்கிறார்கள். கோடை அழித்தபின் 200 மைல் ஓடி, 15 முறை இன்ஜின் சூடாகி ஆறியிருந்தால் மட்டும் விட்டுவிடுவார்கள். பயனாளர் அழிக்க முடியாத லாக் பைல் என்று சொல்லலாம்.

சாட்சியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

அழித்த பிறகு ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். விளக்கு எரியவில்லை, கோட் இல்லை, ஃப்ரீஸ் ஃப்ரேம் இல்லை. என் நினைவில் இருந்த எண்ணை மட்டும் சொன்னேன். "ஆக்ஸிஜன் சென்சார் பழசாகியிருக்கும். மாற்றிவிடலாம்" என்றார்கள். முன்னூறு டாலருக்கு மேல் ஆகும். அவர்கள் மீதும் தவறு சொல்ல மாட்டேன். தடயத்தை அழித்துவிட்டுப் போய் ஊகம் சொல்லுங்கள் என்று கேட்டவன் நான்தான். சரி சொல்லாமல் திரும்பி வந்தேன்.

எட்டு நாள் கழித்து ஒரு குளிர்ந்த காலையில் விளக்கு மறுபடியும் எரிந்தது. இந்த முறை அழி பட்டனின் பக்கமே போகவில்லை. எல்லாத் திரைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.

பி0171 என்றால் இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இதைச் சொல்வது ஆக்ஸிஜன் சென்சார். அது சாட்சி. சாட்சி சொன்னது என்பதற்காக அதையே தூக்கி எறிவது, எரர் மெசேஜ் காட்டிய மானிட்டரை மாற்றுவது போல.

ஃப்ரீஸ் ஃப்ரேமில் வண்டியின் வேகம் 0 என்று இருந்தது. இன்ஜின் நிமிடத்துக்கு 720 சுற்று. சூடு 52 டிகிரி செல்சியஸ். அதாவது, காலையில் கிளப்பி, இன்னும் முழுதாகச் சூடாகாமல், சிக்னலில் நிற்கும்போது பழுது வந்திருக்கிறது. அடுத்து 'ஃப்யூல் ட்ரிம்' என்ற எண்ணைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதை இது காட்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. என் காரில் நின்ற நிலையில் கூட்டல் 21 இருந்தது. ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தி 2500 சுற்றுக்குக் கொண்டுபோனால் கூட்டல் 4 ஆகிவிட்டது.

இந்த வித்தியாசம்தான் விடை. வண்டி நிற்கும்போது இன்ஜின் இழுக்கும் காற்று மிகவும் குறைவு; உள்ளே உறிஞ்சும் விசையோ அதிகம். அப்போது ஒரு சிறு ஓட்டை வழியாக நுழையும் கணக்கில் வராத காற்றுகூடப் பெரிய பங்கு ஆகிவிடும். வேகம் கூடும்போது அதே ஓட்டை பொருட்டே அல்ல. மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம் எண்ணும் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்ப்பையோ, காற்றை அளக்கும் சென்சாரையோ சந்தேகப்பட வேண்டும்.

எனவே காற்றை அளக்கும் சென்சாருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக, இன்ஜின் ஆறியபின் விரலால் தடவிப் பார்த்தேன். இன்ஜினிலிருந்து போகும் ஒரு சிறிய குழாயின் அடிப்பக்கத்தில் வெடிப்பு இருந்தது. குளிரில் ரப்பர் இறுகும்போது வாய் திறக்கிறது. சூட்டில் இளகி மூடிக்கொள்கிறது. விளக்கு விட்டு விட்டு எரிந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். புதுக் குழாய் 18 டாலர். மாற்ற அரை மணி நேரம்.

மாற்றிய பிறகும் கோடை அழிக்கவில்லை. அழித்தால் மறுபடியும் எல்லாச் சோதனைகளும் முதலிலிருந்து ஆரம்பமாகும். வழக்கம்போல் ஆபீசுக்குப் போய் வந்தேன். நான்காம் நாள் விளக்கு தானாகவே அணைந்தது. நிரந்தர கோடும் நீங்கியிருந்தது. ரெடினஸ் பட்டியலில் எவாப் தவிர எல்லாம் முடிந்திருந்தது. அந்த வாரமே வண்டி தேறியது.

ஆப் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

என் தவறை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் என் தொழில்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. என் கையில் இருந்த ஆப்பில், அழி பட்டன் முதல் திரையிலேயே இருந்தது. ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்க்க மூன்று மெனுக்களைத் தாண்ட வேண்டும். "உறுதியாக அழிக்கலாமா?" என்று கேட்டதே தவிர, எதெல்லாம் அழியும் என்று சொல்லவில்லை.

இதில் வன்பொருள் தடை எதுவும் இல்லை. அழிப்பதற்கு முன் கோட், ஃப்ரீஸ் ஃப்ரேம், ரெடினஸ் மூன்றையும் போனில் ஒரு பைலாகச் சேமிக்கச் சில வரி நிரல் போதும். ரீசைக்கிள் பின் போல. அழித்துவிட்டால் பரிசோதனையில் தேற எத்தனை சோதனைகள் மீதம் என்று ஒரு வரி காட்டினால் போதும். மக்கள் கேட்பது அழி பட்டனைத்தான் என்று சொல்வார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். எனக்குத் தேவைப்பட்டது வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது

1. பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பே சாக்கெட்டில் அடாப்டரைப் பொருத்திப் பாருங்கள். கடைசி நாள் வைத்துக்கொண்டால் அழி பட்டன்தான் கண்ணில் படும். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் பதிவுக் கட்டணத்தை மட்டும் கெடுவுக்குள் கட்டிவிடலாம்; தாமத அபராதம் தவிரும்.

2. 'இஎல்எம் 327' என்ற பெயரில் விற்கும் மலிவு அடாப்டர்களில் பெரும்பாலானவை நகல்கள். சில நகல்கள் எல்லாக் கட்டளைகளுக்கும் பதில் தருவதில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமும் ரெடினஸும் படிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐபோன் என்றால் வை-ஃபை அல்லது 'ப்ளூடூத் லோ எனர்ஜி' வகை வேண்டும்.

3. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். பலவற்றில் பாஸ்வேர்ட் 1234. பக்கத்து காரில் இருப்பவரும் இணைய முடியும். பேட்டரியும் தீரும்.

4. கோட், சந்தேகக் கோட், ஃப்ரீஸ் ஃப்ரேம், ரெடினஸ் நான்கையும் படம் எடுத்த பின்பே மெக்கானிக்கிடம் போங்கள். எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், படத்தைக் காட்டுங்கள்.

5. கோட் எண் ஒரு பாகத்தின் பெயர் அல்ல. பி0456 வந்தால் முதலில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகினீர்களா, அதன் ரப்பர் வளையம் நன்றாக உள்ளதா என்று பாருங்கள். பி0420 வந்தால் உடனே விலை அதிகமான கேட்டலிடிக் கன்வர்ட்டரை மாற்றிவிடாதீர்கள். புகைக்குழாயில் ஒரு சிறு கசிவும் அந்த எண்ணைக் கொண்டுவரலாம்.

6. பழுது பார்த்த பின் நேரம் இருந்தால் விளக்கு தானாக அணையும்வரை ஓட்டுங்கள். அழித்தே ஆகவேண்டும் என்றால், குளிர்ந்த நிலையில் கிளப்பி, நகரத்துக்குள்ளும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்திலும் சில நாள் ஓட்டி, ரெடினஸ் முடிந்ததை உறுதி செய்துகொண்டு போங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இதில் பயன் உண்டு. அங்கே எடுக்கும் 'பொல்யூஷன்' சர்டிபிகேட்டுக்குப் புகைக்குழாயில்தான் அளக்கிறார்கள். ஆனால் 2013 ஏப்ரலிலிருந்து பாரத் ஸ்டேஜ் 4 கார்களிலும், அதற்குப் பின் வந்த ஸ்டேஜ் 6 கார்களிலும் ஓபிடி-2 உண்டு. பழைய கார் வாங்கப் போகும்போது அடாப்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். ரெடினஸ் எதுவுமே முடியாமல், 'கோட் அழித்தபின் ஓடிய தூரம்' 10 கிலோமீட்டர் என்று காட்டினால், "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். பேட்டரி மாற்றினோம் என்பார். அதுவும் உண்மையாக இருக்கலாம். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், பிறகு விலை பேசலாம் என்று சொல்லுங்கள்.

வண்டி தேறிய அன்று இரவு மதுரைக்கார அண்ணனிடம் அந்த வெடித்த குழாயைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் வண்டியிலயும் லைட் எரியுது தம்பி. அழிக்கலாம்னு இருந்தேன்" என்றார். அடாப்டரை எடுத்துக் கொடுத்து, "முதல்ல படிங்கண்ணே" என்றேன்.

உங்கள் கம்ப்யூட்டர் அடுத்த முறை எரர் மெசேஜ் காட்டும்போதும் அதையே செய்யுங்கள். ஓகே அழுத்தும் முன் ஒரு முறை படியுங்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள்.